எல்இடி பல்பு வீட்டுக்கு வீடு வந்தாச்சு... 5 ஸ்டார் ஃபேன் மட்டும் ஏன் வரல?

ஃபேன் வாங்கக் கடைக்குப் போனால், பெட்டி மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஒரு ஸ்டார், மூணு ஸ்டார், அஞ்சு ஸ்டார். ஸ்டார் கூடக் கூட விலையும் கூடும். பலரும் விலையைப் பார்த்துவிட்டு, குறைந்த ஸ்டார் ஃபேனோடு வீடு திரும்பிவிடுவார்கள். அதே வீட்டில் எரிவதெல்லாம் எல்இடி பல்புதான். பல்பில் நடந்த மாற்றம் ஃபேனில் ஏன் நடக்கவில்லை?

ஸ்டார் கொடுப்பது யார்?

மத்திய மின்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் எரிசக்தி திறன் பணியகம், அதாவது 'பீ' (பிஇஇ). 2001-ல் வந்த எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின்படி 2002 மார்ச்சில் அமைக்கப்பட்டது. 2006-ல் ஸ்டார் லேபிளைக் கொண்டு வந்தது. பெரிய தொழிற்சாலைகளுக்கு மின்சார, எரிபொருள் சேமிப்பு இலக்கு வைப்பதும் இதே பணியகம்தான். அது தனிக் கதை.

இந்த ஸ்டார் நிரந்தரம் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 2022 ஜூலையில் ஏசிக்கான அளவுகோல் கடுமையானது. அதுவரை 5 ஸ்டார் வாங்கிய சில மாடல்கள், எந்த மாற்றமும் இல்லாமலே 4 ஸ்டார் ஆகிவிட்டன. எனவே ஸ்டாரோடு சேர்த்து லேபிளில் உள்ள வருடத்தையும் பார்ப்பது நல்லது.

ஏசிக்கு 2010-லேயே லேபிள் கட்டாயம். ஆனால் ஏசி இல்லாத வீடுகளிலும் சுற்றும் சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரியில்தான் கட்டாயம் ஆனது. ஏழை வீட்டுச் சாதனம் என்பதாலோ என்னவோ, 13 வருஷம் லேட்!

பல்பு ஜெயித்தது எப்படி?

லேபிள் தகவலைச் சொல்லும், விலையைக் குறைக்காது. அந்த வேலைக்கு வேறொரு நிறுவனம் தேவைப்பட்டது. என்டிபிசி உள்ளிட்ட நான்கு மத்திய அரசு நிறுவனங்கள் சேர்ந்து 2009-ல் தொடங்கிய இஇஎஸ்எல், 2015 ஜனவரியில் 'உஜாலா' திட்டத்தில் இறங்கியது. (சொட்டு நீலம் இல்லை, இது பல்பு!)

கோடிக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டதால், 2014-ல் 310 ரூபாயாக இருந்த பல்பின் கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. சில மாநிலங்களில் மாதம் 10 ரூபாய் வீதம் கரன்ட் பில்லிலேயே தவணையாகக் கட்டும் வசதியும் இருந்தது. இதுவரை 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் போயிருக்கின்றன. உலகச் சந்தையிலும் அப்போது எல்இடி விலை சரிந்துகொண்டிருந்தது. எனவே முழுப் புகழும் இஇஎஸ்எல்லுக்கு இல்லை. ஆனாலும் அந்தச் சரிவு நம்ம ஊர்க் கடைக்குச் சீக்கிரம் வந்து சேர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஃபேன் கணக்கு எங்கே இடிக்கிறது?

பழைய மாடல் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி மோட்டார் ஃபேனுக்குச் சுமார் 30 வாட் போதும். தினம் 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்துக்குப் பழையது 67 யூனிட், புதியது 27 யூனிட். ஒரே ஃபேனில் 40 யூனிட் மிச்சம்.

தமிழ்நாட்டில் இந்த 40 யூனிட்டின் மதிப்பு வீட்டுக்கு வீடு மாறும். இரண்டு மாதத்துக்கு 510 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு இது ஜாக்பாட். ஏன்னா 500-ஐத் தாண்டினால் கூடுதல் 10 யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை எகிறும். ஆனால் இலவச 100 யூனிட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் வீட்டுக்கு மிச்சம் சுத்தமாக பூஜ்யம். இரண்டு மடங்கு விலை கொடுத்து அவர்கள் எதற்காக பிஎல்டிசி வாங்க வேண்டும்? அந்த வீட்டில் ஃபேன் மாறினால் லாபம் மின்வாரியத்துக்கும், இலவச மின்சாரத்துக்கு மானியம் கொடுக்கும் அரசுக்கும்தான். அப்படியென்றால் ஃபேன் செலவில் ஒரு பங்கையும் அவர்கள்தான் ஏற்க வேண்டும் என்பது நியாயமான வாதம்.

வாடகை வீடு என்றால் சிக்கல் வேறு. ஃபேனை மாட்டுவது ஓனர், பில் கட்டுவது குடியிருப்பவர். ஓனர் ஏன் கூடுதலாகச் செலவழிக்கப் போகிறார்?

2023-ல் இஇஎஸ்எல் 1 கோடி பிஎல்டிசி ஃபேன்கள் என்ற இலக்கோடு புதிய திட்டத்தை அறிவித்தது. உஜாலா பார்முலாவேதான். ஆனால் பல்பு ஃப்யூஸ் ஆனால் மறுநாளே புதுசு வாங்குவோம். ஃபேன் அப்படி இல்லை. சத்தம் போட்டாலும் கண்டென்சரை மாற்றி இன்னும் பத்து வருஷம் ஓட்டுவோம். ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபேனைக் கொடுத்தால் இவ்வளவு கழிவு என்று யாராவது சொன்னால்தான் அது கீழே இறங்கும். மின்கட்டணத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளும் வசதியும் சேர்ந்தால், 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளும் யோசிக்கும்.