டெக் திண்ணை: எஃப்5 தட்டு... பைத்தான் ஓடும்!

9-ம் நூற்றாண்டிலேயே, பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாகத் தந்ததைச் சொல்கிறது நிருபதுங்க பல்லவன் காலத்துச் செப்பேடு. படிப்புக்குப் பேர்போன அந்த ஊர்ப் பிள்ளைகள் இன்று மல்லுக்கட்டுவது பைத்தானோடு!

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ-க்கு மாறிவிட்டன. ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸில் தியரிக்கு 70 மார்க், பிராக்டிகலுக்கு 30. லேபில் கிடைக்கும் நேரம் மட்டும் போதாது, வீட்டிலும் கை பழக வேண்டும். ஆனால், பலர் சலித்துப்போவது இங்கேதான். நோட்பேடில் எழுதி, சேவ் செய்து, கறுப்புத் திரையைத் திறந்து, ஃபோல்டரைத் தேடி, கட்டளையை டைப் செய்ய வேண்டும். '14-வது வரியில் பிழை' என்று வந்தால் மறுபடி முதலிலிருந்து!

இந்த அலைச்சலை ஒரே பட்டனில் முடிக்கலாம். எடிட்டர் என்பது எழுதும் இடம், பைத்தான் என்பது அதை ஓட்டும் இயந்திரம். இரண்டையும் இணைத்துவிட்டால் போதும். பழைய லேப்டாப்பிலும் சுமையில்லாமல் ஓடும் 'ஜீனி' என்ற இலவச எடிட்டர் இதற்குத் தோதானது.

* விண்டோஸில் பைத்தானை இன்ஸ்டால் செய்யும்போது, முதல் திரையில் 'பாத்'தில் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் அடியுங்கள். இதை விட்டுவிட்டால், பைத்தான் எங்கே இருக்கிறது என்று எடிட்டருக்குத் தெரியாது.

* புரோகிராமை '.பிஒய்' என்று முடியும் பெயரில் (ஆங்கில எழுத்தில்) முதலில் சேவ் செய்யுங்கள். அந்த வாலைப் பார்த்துத்தான் இது பைத்தான் என்று ஜீனி புரிந்துகொள்ளும்.

* லினக்ஸ் லேப்டாப் என்றால், பில்ட் மெனுவில் 'செட் பில்ட் கமாண்ட்ஸ்' போய், 'பைத்தான்' என்று இருக்கும் இடங்களில் 'பைத்தான்3' என மாற்ற வேண்டியிருக்கலாம்.

* எஃப்8 அழுத்தினால் இலக்கணப் பிழை இருக்கிறதா என்று பார்க்கும். பிழை இருந்தால் கீழே செய்தி வரும். எஃப்5 அழுத்தினால் புரோகிராம் ஓடும். சில லேப்டாப்களில் கூடவே 'எஃப்என்' பட்டனையும் பிடிக்க வேண்டும்.

கறுப்புத் திரை அப்படியே நின்றால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது நீங்கள் எண்ணோ பெயரோ டைப் செய்வதற்காகக் காத்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எஃப்8 'சரி' என்று சொன்னால் விடையும் சரி என்று அர்த்தமில்லை. ஐந்து பாட மார்க்கைக் கூட்டி நான்கால் வகுத்தாலும் அது வாய் திறக்காது. விடை முன்பே தெரிந்த கணக்கைக் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது உங்கள் வேலை.

லேப்டாப் இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் 'பைட்ராய்டு 3' ஆப் போட்டால், நெட் இல்லாமலே பைத்தான் ஓட்டலாம். தேர்வு லேபில் ஜீனி இல்லாமல் பைத்தானோடு வரும் 'ஐடில்' மட்டும் இருந்தாலும் கவலையில்லை. அங்கேயும் ஓட்டுவது அதே எஃப்5-தான்!