மீன் தொட்டிக்குள் ரப்பர் பூச்சு: நாம் சொல்ல வேண்டிய பதில்

பெயின்ட் கடை, ஹார்டுவேர் கடை, வாகன அலங்காரக் கடை வைத்திருக்கும் நம் வணிக நண்பர்கள் உரித்தெடுக்கும் ரப்பர் பூச்சை நன்கு அறிவார்கள். பிளாஸ்டி டிப் போன்ற பெயர்களில் ஸ்பிரே டப்பாவாகவும், தோய்த்தெடுக்கும் டின்னாகவும் வருகிறது. கார் சக்கரத்துக்கும், கட்டிங் பிளேயரின் பிடிக்கும் அருமையான பொருள். வேண்டாம் என்றால் தோலைப் போல உரித்துவிடலாம். அந்தச் சரக்கின் மீது நமக்குக் குறை எதுவும் இல்லை.

ஆனால், "மீன் தொட்டிக்குள் பூசலாமா?" என்று கேட்டு வரும் வாடிக்கையாளருக்கு நாம் சொல்லும் பதிலில்தான் குறை இருக்கிறது. உட்பக்கக் கண்ணாடிக்குக் கறுப்பு அடிக்கவும், பாசி துடைக்கும் காந்தத்துக்கு உறை போடவும், இரும்புக் கம்பி துருப்பிடிக்காமல் இருக்கவும் இதைக் கேட்கிறார்கள். "தாராளமாகப் பூசுங்கள், மீனுக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லி விற்றுவிடுவது சுலபம். அப்படிச் சொல்லக் கூடாது என்பதே என் கருத்து.

காரணத்தைப் பார்ப்போம். இந்தப் பூச்சு, கரைப்பான்களில் கரைத்த செயற்கை ரப்பர். கரைப்பான் ஆவியாகிப் போனபின் ரப்பர் மட்டும் தங்குகிறது. சில மணி நேரத்தில் கையில் ஒட்டாமல் காய்ந்துவிடும். ஆனால் கனமாகப் பூசினால் மேல்தோல் காய்ந்து, அடியில் கரைப்பான் அடைபட்டு நிற்கும். சக்கரத்தில் அது மெல்லக் காற்றில் போய்விடும். தொட்டியில் போவதற்கு இடம் தண்ணீர்தான். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி விளிம்பு வரை நிறைந்தாலும் சுமார் 56 லிட்டர்தான். மணலும் கல்லும் போட்டால் அதிலும் குறையும். அந்தத் தண்ணீரையே இரவும் பகலும் செவுளால் இழுக்கும் மீனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

இரண்டாவது காரணம் பெயரிலேயே இருக்கிறது. உரிந்து வருவதற்காகவே செய்யப்பட்ட பொருள் இது. எந்நேரமும் தண்ணீரில் ஊறினால் ஓரம் கிளம்பும். அடியில் தண்ணீர் புகுந்து அழுக்கு தேங்கும். கிளம்பிய துணுக்கைக் கோல்டு ஃபிஷ் போன்ற மீன்கள் கொத்தித் தின்னும். காந்தத்தின் மீது பூசிய பூச்சில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் போதும், உள்ளே இருக்கும் உலோகம் அரிக்கத் தொடங்கிவிடும். கடல்நீர்த் தொட்டியில் இன்னும் சீக்கிரம்.

"பலர் பூசியிருக்கிறார்கள், மீன் சாகவில்லையே" என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கலாம். மெல்லிதாகப் பூசி, பல நாள் காயவைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றியவருக்கு எதுவும் நேராமல் போயிருக்கும். ஆனால், நம்மிடம் வாங்கிப் போகிறவர் அப்படித்தான் செய்வார் என்பதற்கு உத்தரவாதம் யார்? தயாரிப்பாளர் டப்பாவில் எழுதாத வாக்குறுதியைக் கல்லாவில் உட்கார்ந்து நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

சட்டமும் இதைக் கவனிக்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-வது பிரிவு, தயாரிக்காத விற்பனையாளரும் எப்போது பொறுப்பாளி ஆவார் என்று கூறுகிறது. தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தைத் தாமாகத் தந்து, பொருள் அதன்படி இல்லாமல் போனால் பொறுப்பு; தயாரிப்பாளரின் எச்சரிக்கையை வாங்குபவருக்குத் தெரிவிக்காவிட்டாலும் பொறுப்பு. பெரிய டின்னை உடைத்துச் சிறு பாட்டிலில் ஊற்றி, லேபிள் இல்லாமல் விற்பவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். செத்த மீன் சில பத்து ரூபாய்க் கப்பியாகவும் இருக்கலாம், ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த அரோவானாவாகவும் இருக்கலாம்.

இதனால் வியாபாரத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. கறுப்புப் பின்னணி வேண்டுமென்றால் பின்கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் அடிக்கச் சொல்லலாம். அங்கே இந்தப் பூச்சு வெகு பொருத்தம். தண்ணீர் படாது, பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும்: மீன் இருக்கும் அறையில் ஸ்பிரே அடிக்கக் கூடாது. காற்று பம்பு அறையின் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடும்; வாசனையும் கூடவே போகும்.

உள்ளே ஒட்டவோ அடைக்கவோ கேட்டால், மீன் தொட்டிக்கு என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருக்கும் சிலிக்கானைக் கொடுங்கள். சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் தொட்டி ஒட்டுபவர்கள் அறிந்த சரக்குதான். குளியலறைக்கான பூஞ்சை எதிர்ப்பு சிலிக்கானை மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது. பூஞ்சையைக் கொல்லும் மருந்து அதில் கலந்திருக்கும். ஏற்கனவே உள்ளே ரப்பர் பூச்சு பூசி, மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கிறது என்று யாரேனும் வந்தால், பூசிய பொருளை எடுத்துவிட்டு, மீனைக் குளோரின் நீக்கிய நல்ல தண்ணீருக்கு மாற்றி, ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போடச் சொல்லுங்கள்.

ஆகவே உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். டப்பாவை எடுத்துக் கொடுக்குமுன், "எங்கே பூசப் போகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைப் பையன்களுக்கும் சொல்லி வையுங்கள். மீன் தொட்டிக்கு உள்ளே என்றால், "அதற்கு இது வேண்டாம்" என்று சொல்லி, உரிய பொருளை எடுத்துக் கொடுங்கள். இன்று ஒரு டப்பா விற்காமல் போகலாம். அந்த வாடிக்கையாளர் நாளை வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது நம் கடையைத்தான் தேடி வருவார்.