நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான்!

"வெள்ளைச் சர்க்கரைதானுங்க கெடுதல், நாட்டுச் சர்க்கரை ஒன்றும் செய்யாதுங்க!"

கோவைப் பக்கம் இப்படிச் சொல்வோர் உண்டு. இது தவறு.

கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை பெயர் பெற்றது. பழனி பஞ்சாமிர்தத்துக்கே போகிறது. ஆனாலும், அதுவும் கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுத்ததுதானே! நீரிழிவு உள்ளவர் அதைச் சாப்பிட்டாலும் இரத்தத்தில் சர்க்கரை ஏறும்.

வலிக்காத நோய்

கணையத்தில் சுரப்பது இன்சுலின். அது சரியாக வேலை செய்யாவிட்டால் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கும். பல ஆண்டுகள் வலியே தெரியாது. அதற்குள் கண், சிறுநீரகம், கால் கெட்டுவிடும்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உண்டு என்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் கூறியது.

என்ன செய்வது?

முப்பது வயதைத் தாண்டியவர்கள் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், உடனே மருத்துவரிடம் போங்கள்.

சோறானாலும் களியானாலும் அளவோடு உண்ணுங்கள். தினமும் அரை மணி நேரம் நடங்கள். உடம்பு நன்றாயிருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். அது நன்றாயிருப்பதே மாத்திரையால்தான்! இரவில் பாதங்களைப் பாருங்கள். சிறு புண்ணையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

வீட்டுக்கு வந்தவர் "சர்க்கரை வேண்டாம்" என்றால், "ஒரு நாளைக்கு என்னங்க?" என்று வற்புறுத்தாதீர்கள்.

அதுதான் நல்ல உபசாரம்!