கேளுங்கள், சொல்கிறேன்: குதிரையேற்றப் பயிற்சியைச் செல்போனில் படம் எடுக்கலாமா?

கேள்வி: "எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் குடியிருக்கிறோம். தாத்தா காலத்தில் ஜட்கா வண்டி ஓட்டிய குடும்பம். இப்போது இரண்டு குதிரைகள் வைத்து, கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு விடுகிறேன். கடலரிப்புக்குக் கல் கொட்டியதிலிருந்து எங்கள் பக்கம் மணல்வெளி குறைந்துவிட்டது. அதனால் ஒரு காலி மனையில் கயிறு கட்டி, காலை வேளையில் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித் தருகிறேன். போன மாதம் 13 வயதுப் பெண் ஒருத்தி சேணத்திலிருந்து சரிந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அடி எதுவும் இல்லை. ஆனால், இன்னொரு பையனின் அப்பா அதை வீடியோ எடுத்து, சினிமா காமெடி வசனம் சேர்த்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். அது அவள் பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டது. இப்போது அவள் வருவதில்லை. அவரைக் கேட்டால், 'என் பையனைத்தான் எடுத்தேன், அவள் குறுக்கே வந்தாள். பொது இடம்தானே?' என்கிறார். எனக்கும் வீடியோவைப் பார்த்துத்தான் ஆட்கள் வருகிறார்கள். ஒரேயடியாகத் தடை போடவும் முடியவில்லை. என்ன செய்யலாம்? என் பெயரைப் போட வேண்டாம்."

பதில்: பெயர் போடவில்லை. நீங்கள் கேட்டீர்கள், நான் மதிக்கிறேன். பிரச்னைக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது.

'விவசாயப் பத்திரிகையில் குதிரைக்கு என்ன வேலை?' என்று சிலர் நினைக்கலாம். குதிரையும் கால்நடைதான். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போனவர்களுக்கு அது தெரியும். தவிர, இது குதிரைக்காரருக்கு மட்டும் வந்த பிரச்னை இல்லை. காளான் பயிற்சி, தேனீ வளர்ப்புப் பயிற்சி, டிராக்டர் ஓட்டும் பயிற்சி என எங்கே நாலு பேர் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்களோ, அங்கே நாற்பது செல்போன்கள் நீள்கின்றன.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்பு திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பெண்களுக்குப் பவர் டில்லர் பயிற்சி நடத்தினோம். கணவரை இழந்த ஒரு பெண், தன் முக்கால் ஏக்கரைத் தானே உழ வேண்டும் என்று வந்திருந்தார். முதல் நாள் கிளட்சை விட்டதும் வண்டி துள்ளி, அவர் சேற்றில் விழுந்தார். எழுந்து அவரே சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே எடுத்த வீடியோவை, 'பயிற்சியின் உற்சாகமான தருணம்' என்று எழுதி எங்கள் குழுவில் போட்டேன். அன்று இரவே அது அவர் ஊர்க்காரர் ஒருவர் கைக்குப் போய்விட்டது. மறுநாள் அவர் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். "சார், நீங்க நல்லதுக்குத்தான் போட்டிருப்பீங்க. ஆனா, என் மச்சினர் அதைக் காட்டித்தான் 'உனக்கெதுக்கு இந்த வேலை, நிலத்தை எங்கிட்ட விடு'ங்கிறார்" என்றார். நான் ஒரு நொடியில் போட்ட வீடியோ, அந்த அம்மாவின் முக்கால் ஏக்கருக்கே எதிர்சாட்சி ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். அழித்தேன். ஆனால், மற்றவர்கள் போனில் இருப்பதை யார் அழிப்பது? அதற்குப் பிறகு அவர் எந்தப் பயிற்சிக்கும் வரவில்லை.

கற்றுக்கொள்பவர் தடுமாறத்தான் செய்வார். தடுமாறுவதற்கு இடம் கொடுப்பதுதான் பயிற்சி. பார்க்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். வீடியோ போகாது. விழுந்தால் படமாகிவிடும் என்று தெரிந்த பிள்ளை, விழாமல் இருக்கப் பார்ப்பாளே தவிர, கற்றுக்கொள்ளப் பார்க்க மாட்டாள்.

இனி, 'பொது இடம்தானே' என்ற வாதத்துக்கு வருவோம். பொது இடத்தில் படம் எடுப்பதே குற்றம் என்று சட்டம் பொதுவாகச் சொல்லவில்லை. ஆனால், நீங்கள் கயிறு கட்டிப் பயிற்சி நடத்தும் இடத்தில் நிபந்தனை போட உங்களுக்கு உரிமை உண்டு. அதோடு, 1994-ல் ஆர்.ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. 'நக்கீரன்' இதழ், ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது பற்றிய வழக்கு அது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடலாம் என்று பத்திரிகையின் உரிமையைக் காத்த நீதிமன்றம், ஒருவரின் குடும்பம், பிள்ளைப்பேறு, கல்வி போன்றவற்றை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்றும் சொன்னது. அந்தப் பட்டியலில் கல்வியும் இருப்பதைக் கவனியுங்கள். 2017-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே உறுதி செய்தது.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. வீட்டு உபயோகத்துக்கு எடுப்பதை அது தொடவில்லை. ஆனால், தொழிலுக்காக 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாள, பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. நீங்கள் விளம்பரத்துக்குப் போடும் வீடியோவுக்கும் பெற்றோர் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

'அப்படியானால் கேமராவே தப்பா?' இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்ததே, உங்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். கறுத்த வலையும் கறுத்த கையுமாக மீனவர்கள் நின்ற படங்கள்தான் ஊரை உலுக்கின. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரித்தது. அது ஊருக்கு நடந்த கேடு. ஊர் பார்க்க வேண்டும். ஒரு சிறுமி சேணத்திலிருந்து சரிந்தது ஊருக்கு நடந்த கேடு இல்லை. எதைக் காட்ட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதற்கு இதுதான் அளவுகோல். அந்த முகத்துவாரத்தில்கூட, இடுப்பளவுத் தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களைப் படம் எடுக்க நினைத்தால், கரையில் நின்று ஜூம் செய்யக் கூடாது. அவர்கள் கரையேறும்வரை காத்திருந்து கேட்க வேண்டும்.

குதிரையின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னால் சிறிது தூரமும் மட்டும் தெரியாது. பின்னாலிருந்து ஒருவர் குனிந்து போனை நீட்டினால், அது உதைக்கும் அல்லது துள்ளும். கன்டெய்னர் லாரி ஹாரனுக்குப் பழகிய உங்கள் குதிரையும், தலைக்கு மேல் ட்ரோன் வந்தால் மிரளலாம். இன்னொன்று: பெற்றோர் "கண்ணு, இங்க பாரு" என்று கூப்பிட்டதும் பிள்ளை தலையைத் திருப்பும், உடம்பும் திரும்பும், அங்கவடியில் கால் நழுவும். அன்று அந்தப் பெண் சரிந்தபோது எத்தனை போன்கள் நீண்டிருந்தன என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. எடுக்க ஒரு சம்மதம், பரப்ப ஒரு சம்மதம் என்று இரண்டாகப் பிரியுங்கள். சேர்க்கைத் தாளிலேயே தமிழில் மூன்று வரி போதும்: 'என் பிள்ளையைப் படம் எடுக்கலாம்', 'பெற்றோர் குழுவில் பகிரலாம்', 'விளம்பரத்துக்குப் போடலாம்'. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சரி அல்லது வேண்டாம். பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளையையும் கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

2. பயிற்சியின் கடைசி ஐந்து நிமிடத்தைப் படம் எடுக்க ஒதுக்குங்கள். மற்ற நேரம் போன் பையில் இருக்கட்டும். விருப்பம் இல்லாத பிள்ளைகள் அதற்குள் இறங்கிவிடலாம்.

3. கயிற்றுக்கு வெளியே, குதிரையின் கண்ணில் படும்படி பக்கவாட்டில் ஓர் இடத்தைக் குறித்து வையுங்கள். ஃப்ளாஷ், ட்ரோன் கூடாது.

4. தன் பிள்ளையை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். மற்ற பிள்ளை உள்ளே வந்துவிட்டால், அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் பகிர வேண்டும்.

5. சம்மதம் தந்தவர் பிறகு மாற்றிக்கொண்டால், காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். சம்மதம் தராதவர் வீட்டுப் பிள்ளைக்குச் சவாரி நேரத்தைக் குறைக்காதீர்கள்.

6. சொல்லித் தருபவரையும் கேட்க வேண்டும். நீங்கள் ஒரு பிள்ளையை அதட்டியதை மட்டும் வெட்டிப் போட்டால், உங்கள் பிழைப்பும் கெடும்.

விளம்பரத்துக்கு ஆள் வராதே என்று கவலைப்படாதீர்கள். குதிரையைத் தேய்த்துவிடுவது, சேணம் பூட்டுவது, லாடம் அடிப்பது, நீங்களே சவாரி செய்வது இவற்றையெல்லாம் எடுத்துப் போடுங்கள். 'இங்கே பிள்ளைகளைக் கேட்காமல் படம் எடுக்க மாட்டோம்' என்று பலகை வைத்தால், பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்தே அனுப்புவார்கள்.

இப்போது அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வது? வீடியோ போட்டவர் முதலில் அதை அழித்து, யார் யாருக்கு அனுப்பினாரோ அவர்களையும் அழிக்கச் சொல்ல வேண்டும். பிறகு நீங்கள் இருவரும் நேரில் போய் அவளிடமே மன்னிப்புக் கேளுங்கள், அவள் அப்பாவிடம் மட்டும் அல்ல. அவள் திரும்பி வந்தால், 'விழுந்தவள் எழுந்தாள்' என்று இன்னொரு வீடியோ போட்டுவிடாதீர்கள். முதல் வாரம் மற்றவர்கள் இல்லாத நேரத்தில் சவாரி கொடுங்கள். கேலி நிற்காமல் தொல்லையாக மாறினால், குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் குற்றப் புகாருக்கு 1930.

கேள்வி: "பொன்னேரி பக்கம் இயற்கை முறையில் கத்திரி போடுகிறேன். யூடியூப்காரர் ஒருவர் வந்து எடுத்தார், நானும் சம்மதித்தேன். ஆனால், என் போன் நம்பரையும் போட்டுவிட்டார். விதை கேட்டு ராத்திரி பகலாக அழைப்பு. வேலையே ஓடவில்லை."

பதில்: தோட்டத்தைக் காட்டச் சம்மதித்தீர்கள், நம்பரைக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. அதையே சொல்லி, நம்பரை எடுக்கச் சொல்லுங்கள். வீடியோவை முழுவதும் நீக்க வேண்டியதில்லை. விளக்கக் குறிப்பில் இருந்தால் உடனே அழிக்கலாம், படத்துக்குள் வந்திருந்தால் அந்த இடத்தை மறைக்கலாம். அடுத்த முறை கேமராவை எடுப்பதற்கு முன்பே, 'நம்பர், வீட்டுக்குப் போகும் வழி, வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் இவை வரக் கூடாது. வெளியிடும் முன் எனக்குக் காட்ட வேண்டும்' என்று பேசிக்கொள்ளுங்கள். அதற்கு ஒப்பாதவரை மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வாசகர்களே, உங்கள் கேள்விகளை எழுதுங்கள். பெயரோ ஊரோ வேண்டாம் என்றால் அதையும் குறிப்பிடுங்கள். வெளியிட மாட்டோம்.