ஆபீசிலிருந்து வந்த திரை

பெங்களூர் வைட்ஃபீல்டில் புதிதாகக் குடியேறும் குடும்பம் எதுவானாலும், பாலைக் காய்ச்சிச் சாமான்களைப் பிரித்து அடுக்கிய இரண்டொரு நாளிலேயே, மேற்கு முகமாக அமைந்த கூடத்தின் அகன்ற கண்ணாடிக் கதவுக்கு எதிரே நின்று, மாலை வெயிலை என்ன செய்வதென்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறது. யோசனையின் முடிவில், சீலைத் திரையில் பிரியமில்லாதவர்கள் வீட்டில், நெட்டுக்குத்தாகப் பட்டிகள் வரிசையாய்த் தொங்கும் வெர்ட்டிகல் பிளைண்ட்ஸ் வந்து சேர்கிறது. நம்மில் பலருக்கு இது முதலில் பரிச்சயமானது ஆபீசில்தான். 1994-இல் இந்திய-சிங்கப்பூர் கூட்டு முயற்சியாகத் தொடங்கப்பெற்ற தொழில்நுட்பப் பூங்காவும் அதன் பின்னே எழுந்த கண்ணாடி மாளிகைகளும் நமக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகத்தோடு இந்தத் திரையையும் பழக்கிவிட்டன; 2020-க்குப் பிறகு ஆபீஸே வீட்டுக்கு வந்தபோது திரையும் கூடவே வந்துவிட்டது. ஆனால் ஆபீசில் அதைத் துடைக்க ஆள் உண்டு, இழுத்து விளையாடக் குழந்தை கிடையாது. வீட்டில் நிலைமை நேர் எதிர். இதை மறந்து மாட்டிக்கொண்டதனால் நேரும் கஷ்டங்களே இந்த வாரத்து விஷயம்.

மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் 1882-இல் ஆங்கிலோ-இந்தியச் சங்கத்தாருக்கு அளித்த 3,900 ஏக்கர் நிலத்தில் தோன்றி, அச்சமூகத்தின் சென்னைத் தலைவராக விளங்கிய டி. எஸ். ஒயிட்டின் பெயரைத் தாங்கிய இந்தக் குடியேற்றத்தில், பழைய நாளில் வெயில் ஒரு பிரச்னையாக இருந்திருக்க நியாயமில்லை. ஓட்டுக் கூரையும் ஆழமான தாழ்வாரமும் உள்ள வீட்டில், வெயில் ஜன்னலை எட்டுமுன்பே வெளியில் நின்றுவிடும். நம் பக்கத்து மூங்கில் தட்டியும், தண்ணீர் தெளித்து நனைத்த வெட்டிவேர்த் தட்டியும் வெளிப்புறத்தில் தொங்கியதன் காரணமும் அதுவே. கண்ணாடிக்கு உட்புறம் தொங்கும் எந்தத் திரையும் அந்த வேலையைச் செய்யாது. ஒளி கண்ணாடியை ஊடுருவி உள்ளே வந்து பட்டியைச் சூடாக்கியான பின், பட்டியிலிருந்து எழும் உஷ்ணம் அதே கண்ணாடி வழியாக எளிதில் வெளியேற முடியாமல் அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெளிறிய நிறப் பட்டியானால் ஒளியில் ஒரு பங்கையாவது வந்த வழியே திருப்பி அனுப்பும். கறுப்பும் கரும்பழுப்பும் பார்வைக்குக் கம்பீரம், அவ்வளவுதான். ஏ.சி. செலவு குறையும் என்று நம்பி இதை வாங்குகிறவர்களுக்கு என் அநுதாபங்கள்.

இந்தத் திரையின் உண்மையான சாமர்த்தியம் ஒளியின் திசையை ஆளுவதில் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் சூரியன் அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்து வருவதால், மேலேயுள்ள சஜ்ஜா அவனைத் தடுக்காது. கிழக்கு மேற்கு ஜன்னல்களுக்கு நெட்டுக்குத்துப் பட்டி பொருத்தமாவது இதனால்தான். மார்கழியில் சூரியன் மேற்கிலிருந்து தெற்கே ஒதுங்கி அஸ்தமிக்கிறான். அப்போது பட்டிகளை வடமேற்கு நோக்கித் திறந்து வைத்தால் நேர்க்கதிர் பட்டியில் விழ, ஆகாயத்தின் வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். ஆனியில் இதை மாற்றித் தென்மேற்காகத் திருப்ப வேண்டும். பங்குனியிலும் புரட்டாசியிலும் அவன் நேர் மேற்கில் இறங்கும் சில வாரங்களில் அநேகமாக மூடித்தான் வைக்க வேண்டியிருக்கும். பெங்களூரில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் உச்சிவேளையில் நிழலற்ற நாள் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகற் சூரியன் வடபுறமாக நிற்பதால், வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராது என்று சொல்லி வீட்டை வாடகைக்கு விடும் தரகரின் வாக்கையும் முழுக்க நம்புவதற்கில்லை.

இனி அதன் அங்கங்கள். மேலே சுவரிலோ கூரையிலோ கிளாம்பினால் பொருத்திய அலுமினியச் சேனல்; அதற்குள் நீளவாட்டில் வரிப்பள்ளங்களுள்ள ஒரு தண்டு; தண்டின்மேல் வழுக்கிச் செல்லும் ரன்னர்கள்; ஒவ்வொரு ரன்னரிலிருந்தும் தொங்கும் பிளாஸ்டிக் கொக்கி; கொக்கியில் மாட்டிய, மூன்றரை முதல் ஐந்து அங்குல அகலமுள்ள பட்டி; துணிப் பட்டியானால் அதன் அடிப் பையில் ஒரு கனத்தகடு; அந்தத் தகடுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் மெல்லிய மணிச்சங்கிலி. பக்கத்தில் தொங்கும் பெரிய மணிச்சங்கிலியை இழுத்தால் தண்டு சுழன்று, ரன்னருக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்களின் வழியாக எல்லாப் பட்டிகளும் ஒருங்கே திரும்புகின்றன. கயிற்றை இழுத்தாலோ முதல் ரன்னர் நகர்ந்து, ரயில் பெட்டிகள் கோத்ததுபோல் மற்றவற்றை அளவான இடைவெளியில் இழுத்துச் செல்கிறது. சங்கிலி திருப்புவதற்கு, கயிறு நகர்த்துவதற்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம். எங்கள் குடியிருப்புக்கு மாட்ட வரும் தர்மபுரிக்காரர், ஒவ்வொரு வீட்டிலும் புறப்படுமுன் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போவார்: "முதல்ல திருப்பணும் சார், அப்புறந்தான் இழுக்கணும்." மூடிய நிலையில் இழுத்தால் பட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் கொக்கி முறிகிறது, அல்லது பட்டியின் தலைத்துளை கிழிகிறது. ஒரு பட்டி மாத்திரம் வரிசை தவறி நின்றால் கையால் முறுக்க வேண்டாம். சங்கிலியை ஒரு கோடி வரை இழுத்து, மறுகோடி வரை திருப்பி இழுத்தால், பெரும்பாலும் ரன்னர் தானே வழுக்கி ஒழுங்குக்கு வந்துவிடும்.

சுத்தம் செய்வது பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பட்டிகளை மூடி, உலர்ந்த துணியாலோ வாக்குவம் கிளீனரின் தூரிகை முனையாலோ மேலிருந்து கீழாகத் துடைப்பது போதும்; சேனலுக்குள் எண்ணெய் விட்டால் வைட்ஃபீல்டின் புழுதி அதில் ஒட்டிக் களிம்பாகிவிடும், சிலிக்கான் ஸ்பிரே சிறிது போதுமானது. துணிப் பட்டிகளைக் கழற்றித் தண்ணீரில் ஊறவைக்க ஆசைப்படுகிறவர்கள், கடின நீர் காய்ந்தபின் வெள்ளைக் கறை விடும் என்பதையும், 2024 மார்ச்சில் கார் கழுவவும் செடிக்கு ஊற்றவும் குடிநீரைச் செலவழித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவிக்க நேர்ந்த நகரத்தில் வசிக்கிறோம் என்பதையும் நினைவில் கொள்வது நலம்.

இதுவரை சொன்னவை சௌகரிய அசௌகரியங்கள். கயிற்றின் விஷயம் வேறு. தரைவரை தொங்கும் கயிறும் மணிச்சங்கிலியும் முனை இணைந்த வளையங்கள். தவழ்ந்தும் தத்தியும் நடக்கும் குழந்தையின் தலை அதற்குள் புகுந்து, கால் சறுக்கினால், உடலின் பாரமே கழுத்தை இறுக்கப் போதுமானது. குழந்தையின் தலை உடலுக்கு ஒப்பிடக் கனமானது, கழுத்துத் தசைகளோ பலமற்றவை. கயிற்றிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ள அதற்குத் தெரியாது. குரல் எழும்பாதாகையால் அடுத்த அறையில் வேலையாயிருக்கும் தாய்க்கு ஒன்றும் கேட்பதில்லை. சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிடக்கூடும். அமெரிக்காவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்பது பேர் ஜன்னல் திரைக் கயிறுகளில் சிக்கி இறப்பதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கூறுகிறது. கவனமாயிருங்கள் என்று பெற்றோருக்குப் புத்தி சொல்வதோடு அங்கே நின்றுவிடவில்லை. கடையில் தயார் நிலையில் விற்கும் திரைகளுக்கு 2018-லும், அளவெடுத்துச் செய்பவற்றுக்கு 2024 ஜூனிலும், எட்டக்கூடிய அபாயக் கயிறே ஆகாது என்ற தரநிலை வந்தது. தரையிலிருந்து 1,600 மில்லிமீட்டர் உயரத்துக்குள், தளர்ந்த கயிறு 220 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள வளையமாக அமையக் கூடாது என்பது ஆஸ்திரேலியாவின் 2014-ஆம் வருஷத்து விதி. இருபத்திரண்டு சென்டிமீட்டர் என்றால் ஒரு சாண்தான். நம் கூடங்களில் தொங்கும் வளையங்களை அந்த அளவுகோலால் பார்த்தால் மனம் கூசும்.

பரிகாரம் பிரயாசை மிக்கதன்று. புதிதாக வாங்குகிறவர்கள் கயிறும் சங்கிலியும் இல்லாமல், ஒரே கோலால் திருப்பவும் நகர்த்தவும் செய்யும் வகையைக் கேட்டு வாங்கலாம். அடியில் பட்டிகளைப் பிணைக்கும் சங்கிலி இல்லாத வகையும் உண்டு, அதுவும் நல்லது. ஏற்கெனவே மாட்டியாகிவிட்டதென்றால், வளையத்தை விறைப்பாக இழுத்துப் பிடிக்கும் கிளிப்பைத் திருகாணியால் சுவரில் இறுக்க வேண்டும். ஒட்டுப் பட்டையால் ஒட்டுவது குழந்தையின் ஓர் இழுப்புக்குத் தாங்காது. தொட்டிலையும் சோபாவையும் அந்த ஜன்னலுக்கு அருகில் போடக் கூடாது, ஏறிக் கயிற்றை எட்டுவதற்கு அவையே படி. பேரக்குழந்தை லீவுக்கு மட்டுந்தானே வருகிறது என்று தாத்தா பாட்டிகள் இதைத் தள்ளிப்போடுவதுண்டு. பழக்கமில்லாத வீட்டில்தான் குழந்தை எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்கும்.

வாடகை வீட்டில் கயிற்றை மாற்றுவது யார் பொறுப்பு என்ற கேள்வி எங்கள் குடியிருப்பில் இன்னும் தீரவில்லை. சொந்தக்காரர் மாட்டியது என்பார் குடியிருப்பவர். குழந்தை உங்களுடையது என்பார் சொந்தக்காரர். காலி செய்யும்போது வண்ணம் பூச என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது சகஜமாகிவிட்ட ஊர் இது. குடியேறும்போதே, பதினோரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், கிளிப்பைச் சுவரில் இறுக்கித் தரும்படி கேட்டுவிடுவதே உசிதமென்று எனக்குத் தோன்றுகிறது, சுவரில் ஓட்டை போட அநுமதியுண்டா என்பதையும் சேர்த்து.