211 வேறு, 202 வேறு

சித்திரை வெயிலில் வல்லத்துக் கடை வாசலில் அடுக்கியிருக்கும் எலுமிச்சைப் பான பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அப்படியே லேபிளையும் படியுங்கள். பொடி எழுத்தில் 211 அல்லது 202 என்று ஓர் எண் தென்படும். 211 என்றால் சோடியம் பென்சோயேட், 202 என்றால் பொட்டாசியம் சார்பேட். உணவு கெடாமல் காப்பதுதான் இரண்டின் வேலையும். ஆனால் குணம் ஒன்றல்ல.

பென்சோயிக் அமிலம் நமக்கு அந்நியமில்லை. வெள்ளிக்கிழமை புகை போடும் சாம்பிராணிப் பிசினிலேயே இருக்கிறது. சார்பிக் அமிலத்தை 1859-ல் ரோவன் என்ற குளிர்நாட்டு மரத்தின் பழத்திலிருந்து பிரித்தெடுத்தவர் வேதியியலாளர் ஹாஃப்மன்.

உப்பு வடிவில் இரண்டும் பூஞ்சையைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. உணவின் புளிப்பு அவற்றை அமிலமாக மாற்ற வேண்டும். அப்போதுதான் பூஞ்சையின் செல்லுக்குள் நுழைந்து அதை முடக்க முடியும். புளிப்பை அளக்கும் எண் பிஎச், புளிப்பு கூடக்கூட அது குறையும். பென்சோயேட்டில் பாதி அமிலமாக நிற்பது பிஎச் 4.2-ல், சார்பேட்டுக்கு அது 4.76. புளிப்பு குறைந்து பிஎச் 5-க்கு வந்துவிட்டால் பென்சோயேட்டில் ஏழில் ஒரு பங்குதான் வேலைக்கு ஆகும். சார்பேட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேறும். மாங்காய் ஊறுகாய்க்கு 211 போதும், கேக்குக்கும் சீஸுக்கும் 202 என்பது இதனால்தான்.

211-இடம் இன்னொரு சிக்கல். வைட்டமின் சி உள்ள பானத்தில் அது சேர்ந்து, சூடும் வெளிச்சமும் பட்டால் சிறிதளவு பென்சீன் உண்டாகலாம். பென்சீன் புற்றுநோய் தரும் பொருள். அமெரிக்காவில் 1990-லேயே இது தெரியவந்தது. 2006-ல் மறுபடி சர்ச்சையாகி, சில நிறுவனங்கள் பானத்தின் கலவையையே மாற்றின. உண்டாகும் அளவு மிகக் குறைவு என்பது உண்மை. அதற்காகப் பிள்ளைகள் குடிக்கும் பானத்தை வெயிலில் காயவிடலாமா? கடைக்காரரிடம் உரிமையோடு சொல்லி நிழலில் வைக்கச் செய்யுங்கள்.

சார்பேட்டிலிருந்து பென்சீன் வராது. ஆனால் சில பெனிசிலியம் பூஞ்சைகள் அதையே சிதைத்து மண்ணெண்ணெய் வாடை கிளப்பிவிடும். அந்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

எல்லா உணவுக்கும் பதப்பொருள் வேண்டும் என்பதில்லை. செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியத்துக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. நன்றாகக் காய்ந்த நெல்லில் பூஞ்சை வளர ஈரம் கிடையாது. இஞ்சி பூண்டு விழுது அப்படியல்ல. ஈரமும் அதிகம், புளிப்பும் இல்லை, பிஎச் 6-ஐ ஒட்டி நிற்கும். அதில் 211-ஐ மட்டும் கொட்டினால் பணம்தான் வீண். விழுது அரைத்து விற்கும் நம் மகளிர் குழு அக்காக்களுக்குப் பயிற்சி தருபவர்கள் முதலில் ஒரு பிஎச் தாள் கட்டைக் கையில் கொடுக்கட்டும். 4-க்குக் கீழே இறங்கும்வரை வினிகர் சேர்க்கட்டும். பதப்பொருள் டப்பாவை அதன் பிறகு திறந்தால் போதும்.