யார் எச்சிலுக்கு எந்த டம்ளர்?

போன மாசம் கந்தர்வகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கடன் பாக்கி விசாரிக்கப் போயிருந்தோம். மேலாளர், டிரைவர், நான். ரோட்டோரக் கடையில் மூணு டீ சொன்னோம். அவர்கள் இருவருக்கும் கண்ணாடி கிளாஸ் வந்தது. என் கைக்குப் பேப்பர் கப்பு. கடைக்காரருக்கு என்னை எப்படித் தெரியும்? அந்த ஊர்ச் சேரியில்தான் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கிளாஸிலேயே குடுங்கண்ணே என்றேன். "பேப்பர் கப்புதான் சுத்தம் சார்" என்றார். சார் என்றதையும் குறித்துக்கொள்ளுங்கள். வங்கி வேலை அந்த ஒரு வார்த்தையைத்தான் வாங்கித் தந்திருக்கிறது.

என் தாத்தா காலத்தில் கூரை எறவாணத்தில் செருகிய கொட்டாங்கச்சி. அப்பா காலத்தில் தனி டம்ளர். குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். அப்புறம் வழக்கு வந்தது, போராட்டம் வந்தது, கடைக்காரர்கள் உஷாரானார்கள். பிளாஸ்டிக் கப்பு கைக்கு வந்தது. கழுவ வேண்டியதில்லை. போலீஸ் வந்து பார்த்தால் ரெண்டாவது டம்ளரும் இல்லை. தூக்கி எறியும் கப்புக்குள் தீண்டாமை பத்திரமாக ஒளிந்துகொண்டது.

இப்போது கப்பை ஒழிக்க வேண்டும் என்கிறார்கள். ஒழிக்கத்தான் வேண்டும். பிளாஸ்டிக் கப்புகளை மட்டுமல்ல, உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புகளையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. கப்பு முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் அங்கேயும் அந்தத் தடை நின்றது. ஆனால் எந்த டீக்கடையில் பேப்பர் கப்பு இல்லை? கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் சொன்ன கணக்குப்படி, 100 மில்லி சூடான பானம் பேப்பர் கப்பில் 15 நிமிஷம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் இறங்குகின்றன. சுத்தம் என்று என்னிடம் நீட்டியது இதைத்தான்.

ஆகவே எவர்சில்வருக்கும் கண்ணாடிக்கும் திரும்புவோம் என்று சூழலியல் நண்பர்கள் சொல்லும்போது நாம் அவர்கள் பக்கம்தான். ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. திரும்பி வரும் டம்ளர் ஒரு வரிசையா, ரெண்டு வரிசையா?

இது பழங்கதை இல்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியரிடம் சனங்கள் சொன்ன புகார்களில், பக்கத்து இறையூர் டீக்கடையின் இரட்டைக் குவளையும் ஒன்று. அதன்மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். (தொட்டி வழக்கில் 2025 ஜனவரியில் அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதுதான் குற்றப்பத்திரிகை வந்தது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. அதைத் தனியாகப் பேச வேண்டும்.) சந்திரனுக்குக் கலம் அனுப்பிய நாட்டில் ஒரு டம்ளர் விவகாரத்தைத் தீர்க்க ஆட்சியரே நேரில் வர வேண்டியிருக்கிறது.

உணவகத்தில் பொதுவுக்கு வைத்த பாத்திரத்தைச் சாதி சொல்லி மறுப்பது குற்றம் என்று 1955ஆம் வருஷச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. பாத்திரம் என்ற சொல்லே அதில் இருக்கிறது. ஆனால் பொதுப் பாத்திரத்தை ஒரு சிலருக்கு மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மற்றவர்களிடம் கப்பை நீட்டி 'ஸ்டாக் இல்லை' என்றால் எந்த ஏட்டு எழுதிக்கொள்வார்?

மண் கோப்பையைப் பரிந்துரைக்கிறவர்களும் உண்டு. 2004இல் ரயில்வே அமைச்சராக இருந்த லாலு பிரசாத் ரயில் நிலையங்களில் அதைக் கொண்டுவந்தார். குயவருக்கு வேலை கிடைக்கும், மண் மண்ணோடு போகும், நல்லதுதான். ஆனால் ஒரு வாய் பட்டதை உடைத்துப் போடும் அந்த வடக்கத்தி வழக்கத்துக்குள் தீட்டும் இருக்கிறது. இன்னொருத்தன் எச்சில் பட்ட பாத்திரத்தில் நான் எப்படிக் குடிப்பது என்ற பழைய அருவருப்புக்குப் பசுமைச் சாயம் பூசித் தர வேண்டாம். நமக்கு வேண்டியது கழுவிப் புழங்கும் டம்ளர். ஒருத்தர் குடித்ததை அடுத்தவர் குடிக்கும் டம்ளர்.

கழுவுவது என்றதும் மாணவத் தோழர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. ஒரே வாளித் தண்ணீரில் நூறு கிளாஸை முக்கி எடுத்தால் யாருக்குத்தான் குமட்டாது? அதற்கு மருந்து கப்பு இல்லை. சோப்பு, ஓடுகிற தண்ணீர், கடைசியில் ஒரு முக்கு வெந்நீர். பாய்லர் கடையில் கொதித்துக்கொண்டுதானே இருக்கிறது! கழுவ ஒரு ஆளுக்கு ஒழுங்கான கூலி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் பள்ளிக்கூடம் போக வேண்டிய பையனாக இருக்கக் கூடாது. அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் கப்பு. மிச்சம் பிடித்த வேலை காற்றிலா போனது? விடிகாலையில் பேருந்து நிலையச் சாக்கடையிலிருந்து கப்பை வழித்தெடுப்பது யார்? புதுக்கோட்டை 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. அள்ளுகிற கை மட்டும் எந்தத் தெருவிலிருந்து வருகிறதோ, அதே தெருவிலிருந்துதான் வருகிறது.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும் தோழர்கள் ஊர்த் தெரு டீக்கடையில் உட்கார்ந்து டீ கேளுங்கள். கப்பு வந்தால் கிளாஸ் கேளுங்கள். பெஞ்சில் யார் உட்காருகிறார்கள், யார் நிற்கிறார்கள், எதில் கொடுத்தார்கள், யார் கழுவினார்கள் என்று பார்த்து எழுதுங்கள். ஊர், ஒன்றியம், தேதி வேண்டும். வருகிற குறிப்புகளை அடுத்த இதழில் அச்சிட்டு, ஒரு படியை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குவோம்.